பூனைக் காதின் இரண்டாவது கோடு

கிணத்துக்கடவுக்குத் தெற்கே, புறவழிச் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூன்று பெரிய வெள்ளைத் தட்டுகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கும் இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊரார் அதை மடல் மையம் என்பார்கள். சனிக் கோளைச் சுற்றும் டைட்டனில் குடியிருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேர் வீட்டுக்கு எழுதும் கடிதங்கள் மாதம் ஒருமுறை அங்கேதான் வந்து இறங்கும். வருகிற அலைகளைக் கடிதம் கடிதமாகப் பிரித்து, பெயர் பார்த்து, அந்தந்த வீட்டுக்கு அனுப்புவது ஒரு நிரலின் வேலை. அந்த நிரலை எழுதியவன் மருதாசலம்.

அவன் மனைவி அமுதினியும் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. ஏழு வருடமாக அவளிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை.

உயிரோடுதான் இருக்கிறாள். அதில் அவனுக்குச் சந்தேகமில்லை. மாதாமாதம் கடிதங்களோடு கூடவே உடல்நலப் பட்டியல் ஒன்று வரும். நூற்றுப் பதினேழாம் எண், அமுதினி, நலம். அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டுத்தான் அவன் அன்றைக்குக் காலைக் காப்பியைக் குடிப்பான்.

அவள் புறப்பட்டபோது மகள் நித்திலாவுக்கு நான்கு வயது. பனியை உருக்கிக் குடிநீராக்குவதில் அமுதினியை மிஞ்ச ஆளில்லை. அவளைக் கூப்பிட்டார்கள், போனாள். எட்டு வருடத்தில் திரும்பி வருவதாக ஏற்பாடு. கடிதத்தில் எழுத்து மட்டுமே அனுப்பலாம், படம் கூடாது என்று விதி இருந்தது. படிக்கத் தெரியாத குழந்தைக்கு எழுத்தை அனுப்பி என்ன செய்வது? அமுதினி விசைப்பலகையில் இருக்கும் குறிகளை வைத்தே படம் போட்டாள். சாய்ந்த கோடுகளைச் சேர்த்து மலை, கூரை, கப்பல். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பூனையின் இரண்டு காதுகள், இப்படி: /\_/\

நான்கு வருடம் அந்தப் பூனை தவறாமல் வந்தது. பயணத்திலும் வந்தது, போய்ச் சேர்ந்த பிறகும் வந்தது. அப்புறம் ஒரு கடிதத்தில், இன்னொரு முறைக்கும் இருக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக அமுதினி எழுதினாள். அதன்படி அவள் திரும்ப மேலும் எட்டு வருடம் ஆகும். அதைப் படித்த வேகத்தில் மருதாசலம் ஒரு பதில் எழுதினான். பூனை வரைந்து அனுப்பினால் அம்மா ஆகிவிட முடியாது, இனிமேல் அந்தப் பிள்ளையின் மனதைக் கெடுக்காதே, எழுதாமல் இருந்தாலே நல்லது என்று எழுதினான். மறுநாளே அதைத் திரும்பப் பெறவேண்டும் என்றிருந்தது அவனுக்கு. அது அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

அந்த வாரமே டைட்டனில் புயல் அடித்தது. பூமியின் பேச்சைக் கேட்கும் கோபுரம் முறிந்து விழுந்தது. பேசும் கோபுரம் தப்பியது. அன்றிலிருந்து அந்த ஊர் பேசும், ஆனால் அதற்குக் காது இல்லை. மாற்றுக் கோபுரத்தை ஏற்றிக்கொண்டு, ஆட்கள் போகும் கலத்தைவிட மெதுவான ஒரு சரக்குக் கலம் போய்க்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேர இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. புயலுக்குப் பிறகும் மற்ற வீடுகளுக்குக் கடிதம் வந்துகொண்டிருந்ததாகவே அவன் நினைத்தான். மருதாசலத்தின் வீட்டுக்கு வரவில்லை. எழுதாதே என்று சொன்னோம், எழுதவில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கலாமென்றால் கேட்பதற்கு அந்தப் பக்கம் காது இல்லை.

மூன்று வருடம் தொடர்ந்து கடிதம் வராத திருமணத்தை முறித்துக்கொள்ளலாம் என்று சட்டம் ஒன்று வந்தது. மௌனச் சட்டம் என்று அதற்குப் பெயர். அதற்கான படிவம் அவன் வீட்டுக்கு இரண்டு முறை வந்தது. இரண்டையும் மடித்து மேசை இழுப்பறையில் வைத்தான். கையெழுத்துப் போடவுமில்லை, கிழிக்கவுமில்லை.

மையத்தில் இடம் போதவில்லை, ஏழு வருடக் கழிவுக் கோப்பை அழிக்கவேண்டும், நிரலை எழுதியவர் என்ற முறையில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திடவும் என்று அவனுக்கு ஓலை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அவனுடைய நிரலால் படிக்க முடியாத பதிவுகள் போய்ச் சேரும் இடம் அது. கடிதங்கள் போக அன்றாட அளவீடுகளும் அவ்வளவு தூரம் கடந்து வருவதில் தினமும் ஆயிரக்கணக்கில் பழுதாகும்; யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. திறந்து பார்த்து, அரைகுறையானதை ஊகித்துச் சரிசெய்யக் கூடாது என்று விதி போட்டவனே அவன்தான். அதற்குக் காரணம் இருந்தது. பயணத்தின் முதல் வருடத்தில், பழுதான ஒரு மருத்துவப் பதிவை வேறொருவர் எழுதிய நிரல் தானாகத் திருத்திப் படித்தது. ஒரு புள்ளி இடம் மாறியது. அந்த அளவை நம்பி இங்கிருந்த மருத்துவர் சொன்ன மருந்தால் கலத்தில் ஒருவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று. அதற்குப் பிறகு வந்த மருதாசலம், தெளிவாக இல்லாத எதையும் ஏற்காத நிரலாக எழுதினான். அவன் எழுதியதில் இதுவரை ஒரு தப்பும் நேர்ந்ததில்லை என்று மையத்தில் சொல்வார்கள்.

சும்மா நாலு பக்கம் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றுதான் திறந்தான். குப்பையாகக் கிடந்த எழுத்துகளுக்கு நடுவே, மூன்றாவது பக்கத்தில், இரண்டு பூனைக் காதுகள் இருந்தன.

அவன் எழுந்து நின்றான். பிறகு உட்கார்ந்தான். காதுகளை மட்டும் தேடச் சொல்லி இயந்திரத்திடம் கேட்டான். எண்பத்து நான்கு இடங்களில் இருப்பதாக அது சொன்னது. ஏழு வருடம், மாதத்துக்கு ஒன்று.

முதலாவதை அங்கேயே படித்தான். 'உங்க கடிதம் கெடச்சுது. உங்க கோபம் நியாயந்தான். ஆனா பூனை வரையறதை நிறுத்த மாட்டேன். நித்திக்குக் காட்டறதும் காட்டாததும் உங்க இஷ்டம். காது சரியானதும் இன்னொருக்கா திட்டியாவது எழுதுங்க.' அதற்கு மேல் அவனால் படிக்க முடியவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் எழுந்து போன பிறகும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் எல்லாவற்றையும் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். நித்திலாவுக்குப் பதினைந்து வயது. அம்மா என்ற சொல்லை அந்த வீட்டில் அவள் பயன்படுத்தியே பல வருடமாகிறது. பள்ளிப் படிவங்களில் அம்மா பெயர் எழுதும் இடத்தில் மட்டும் கட்டாயத்துக்கு எழுதுவாள். மேசையில் வைத்த தாள் கட்டையும் அப்பாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் தாளின் அடியில் இருந்த காதுகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்படிப்பா ஏழு வருசம் தெரியாமப் போகும்?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒவ்வொரு கடிதத்துக்கும் ஆரம்பத்துல ஒரு மேற்கோள் குறி இருக்கும், முடிவுல ஒண்ணு இருக்கும். நடுவுல இருக்கறதுதான் கடிதம். பூனைக் காதுல ரெண்டு கோடு இருக்குதல்ல, ஏறுற கோடு ஒண்ணு, இறங்குற கோடு ஒண்ணு. ஏறுற கோட்டால தொந்தரவில்ல. இறங்குறது பின்சாய்கோடு. இயந்திரத்துக்கு அது எழுத்தில்ல, சைகை. அடுத்த எழுத்தை அப்படியே எடுத்துக்காத, அதுக்கு வேற அர்த்தம்னு சொல்ற சைகை. நெசமாவே அந்தக் கோட்டைத்தான் எழுதணும்னா ரெண்டு தடவை போடணும். அங்க இருந்த பழைய கணினி தானாவே ரெண்டாப் போட்டு அனுப்பிட்டிருந்துச்சு. புயல்ல அது போயிருச்சு. இப்ப இருக்கற அவசர நிரலுக்கு அது தெரியல. ஒத்தக் கோடாவே அனுப்புது."

"அதனால?"

"கோட்டுக்கு அடுத்தாப்ல ஒரு அடிக்கோடு. அப்படியொரு சைகையே கெடையாது. பழுதான பதிவுன்னு ஒதுக்கிருச்சு."

"எது ஒதுக்குச்சு?"

"என்னோட நிரல்."

"பாத்தாலே பூனைன்னு தெரியுதேப்பா."

"தெரியுது சாமி. பாக்கக் கூடாதுன்னு சொன்னவனே நாந்தான்."

அவள் கட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். மூன்று நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. மருதாசலம் கேட்கவுமில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கதவருகில் வைப்பான். சில வேளை காலியாகத் திரும்பும், சில வேளை அப்படியே இருக்கும். அவனுக்கென்று எழுதிய பகுதிகளை அவன் அச்செடுக்கும்போதே படித்திருந்தான். முதல் நான்கு வருடம் ஒவ்வொரு கடிதத்திலும் அவனுக்குப் பத்து வரியாவது இருந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்துபோனது, ஜன்னலுக்கு வெளியே ஆரஞ்சு நிறத்தில் தொங்கும் புகைமூட்டம், கிணத்துக்கடவில் இப்போது மழைக்காலமாக இருக்கும் என்ற கணக்கு. பிறகு ஐந்து வரி ஆயிற்று. கடைசி இரண்டு வருடக் கடிதங்களில் அவனுக்கென்று எதுவும் இல்லை. பதிலே வராத ஆளுக்கு எவ்வளவு நாள்தான் எழுதுவாள் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் நித்திலா வெளியே வந்து அவனெதிரில் உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"பூனை வளருதுப்பா. மொத வருசம் வெறும் காது மட்டும். அப்புறம் மீசை வெச்சிருக்காங்க. போன வருசத்துலருந்து கழுத்துல துப்பட்டா மாதிரி என்னமோ. எனக்கு என்ன வயசுன்னு நெனச்சு நெனச்சு வரைஞ்சிருக்காங்க. எப்படிப் போட்டாலும் கடைசி வரி மட்டும் அதே காதுதான்."

அவன் தலையாட்டினான். அதோடு முடிந்திருந்தால் அது அவர்கள் வீட்டு விஷயமாகவே போயிருக்கும். ஆனால் இன்னொன்று இருந்தது. கோப்பைத் திறந்த செவ்வாய்க்கிழமை பிற்பகலே அதைக் கண்டுபிடித்துவிட்டான், யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் முடியும் இடத்தில் பூனைக் காதின் கடைசிக் கோடு. அதை ஒட்டி முடிவைச் சொல்லும் மேற்கோள் குறி. முந்தைய கோடு சைகையாகிவிட்டதால், அந்தக் குறி முடிவாகத் தெரியாமல் கடிதத்தின் உள்ளேயே கரைந்துவிட்டது. கடிதம் முடியவே இல்லை என்று எண்ணி, அடுத்த ஆளின் கடிதத்தையும் இயந்திரம் இதற்குள்ளேயே சேர்த்து விழுங்கிவிட்டது. குடியிருப்பில் எண் வரிசையில்தான் எழுதுவார்கள். நூற்றுப் பதினேழுக்கு அடுத்தது நூற்றுப் பதினெட்டு. லோகநாதன், வெப்பக் குழாய்கள் பொருத்துபவர். பெறுநர், சுகந்தி, பொள்ளாச்சி.

அதற்கு மேல் ஒரு வரியும் அவன் படிக்கவில்லை. அடுத்தவர் கடிதம். எண்பத்து நான்கையும் பிரித்து உறைகளில் போட்டு ஒட்டினான். பிறகு பதிவேட்டைப் பார்த்தான். சுகந்தி மூன்று வருடத்துக்கு முன் மௌனச் சட்டத்தின்படி மனு கொடுத்து, வேறு திருமணம் செய்துகொண்டிருந்தாள்.

மையத்தின் தலைவி ஹேமாவதி நல்லவர்தான். அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். நிரலை உடனே திருத்தச் சொன்னார்; அவன் கடிதங்களை அவனே வைத்துக்கொள்ளலாம் என்றார். பொள்ளாச்சிக் கடிதங்களைப் பற்றிப் பேச்சு வந்ததும், ஒழுங்காக ஓடுகிற ஒரு குடும்பத்தில் போய் எதற்குக் கல்லெறியவேண்டும், கோப்போடு சேர்த்து அழித்துவிடலாமே என்றார். மனதில் ஈரமில்லாமல் சொன்னதல்ல அது. மருதாசலமும் இரண்டு நாள் அப்படித்தான் யோசித்தான். நித்திலாவிடம் கேட்டபோது அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "எனக்கு வந்த மாதிரி அவங்களுக்கும் வரணுமில்லப்பா" என்றாள்.

சுகந்தியின் தையல் கடை பொள்ளாச்சியில் மார்க்கெட்டுக்குப் பின்புறத் தெருவில் இருந்தது. நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, என்ன தைக்கவேண்டும் என்று கேட்டாள். அவன் தன்னைச் சொல்லிக்கொண்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னான். தன்னுடைய நிரல்தான், தன்னுடைய மனைவி போட்ட கோடுதான் என்பதையும் மறைக்கவில்லை. அவள் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணைச் சாப்பிட அனுப்பிவிட்டு உறைகளை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க படிச்சீங்களா?"

"இல்லீங்க."

அவள் உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள். மருதாசலம் எதிர் டீக்கடையில் உட்கார்ந்தான். கடைப் பெண் சாப்பிட்டுத் திரும்பி, கதவு சாத்தியிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாவது டீயும் ஆறிப்போன பிறகு சுகந்தி வாசலுக்கு வந்து கையசைத்தாள். முகம் கழுவியிருந்தாள். மேசையில் இரண்டு உறைகளை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தாள்.

"காது போயி ரெண்டாம் வருசத்துலயே எழுதியிருக்காருங்க" என்றாள். "நீ காத்துட்டு இருக்க வேண்டாம் சுகந்தி, நல்ல ஆளாக் கெடச்சா வாழ்ந்துக்கோ, நான் தப்பா நெனக்க மாட்டேன்னு. இது அப்பவே கைக்கு வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மௌனச் சட்டத்துல கையெழுத்துப் போட்டன்னைக்கிருந்து, அந்தாளுக்குத் துரோகம் பண்ணிட்டோம்னு நெனைக்காத நாளில்லீங்க எனக்கு."

அவன் மன்னிப்புக் கேட்டான். அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. இரண்டாவது உறையைக் கையில் எடுத்து, அதைப் பார்த்தபடியே இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரம்மாவப் பத்தி நெறைய எழுதியிருக்காருங்க. மொதல்லயெல்லாம் அவங்க பேரைக்கூட எழுதல. எனக்கு முன்னாடி எழுதற அம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கறாங்க, எட்டிப் பாத்தா பூனை வரையறாங்க, வரைஞ்சு முடிச்சிட்டுத் தனியாச் சிரிக்கறாங்கன்னு." உறையைப் பிரித்தாள். "இன்னொண்ணும் இருக்குதுங்க. உங்ககிட்டச் சொல்லாம விட எனக்கு மனசு வரல. அதைச் சொல்றதுக்கு எனக்கு என்ன யோக்கியதைன்னும் தெரியல."

"படிங்க" என்றான் மருதாசலம்.

அவள் மெதுவாகப் படித்தாள். "'அமுதினியும் நானும் இப்ப ஒரே வீட்டுல இருக்கோம் சுகந்தி. வருசக்கணக்கா எழுதிப் போட்டுட்டு, அது போய்ச் சேந்துச்சா இல்லையான்னு தெரியாத ரெண்டு பேரு. ஒருத்தருக்கொருத்தர் பேசினா பதில் வருது. மொதல்ல அதுதான் பெரிசாத் தெரிஞ்சுது. உன்னை மறந்துட்டேன்னு நெனைக்காத. அவங்களும் யாரையும் மறக்கல.'"

வெளியே மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டே நின்றது. மருதாசலம் அது போகும்வரை காத்திருந்தான்.

"எப்ப இருந்துங்க?"

அவள் தேதியைப் பார்த்தாள். "ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

அவனுக்கென்று எழுதிய வரிகள் நின்றுபோனது அப்போதுதான். சலித்துப் போய் நிறுத்தவில்லை. என்ன எழுதுவதென்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறாள். அதை உணர்ந்தபோது அவனுக்கு வலித்தது. எங்கோ ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி வருமென்று அவனுக்கு விளங்கவில்லை. சுகந்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ ஒழுங்காச் சாப்பிடறாளான்னு ஏதாவது எழுதியிருக்காருங்களா?" என்று கேட்டான்.

அவள் தாள்களைப் புரட்டினாள். வெகுநேரம் தேடினாள். கடைசியில் ஒன்றை எடுத்து, விரலை வைத்துப் படித்தாள். "'முன்னெல்லாம் தட்டுல பாதியை மிச்சம் வெப்பாங்க. இப்ப வெக்கறதில்ல.'"

அவன் கைகூப்பிவிட்டு எழுந்தான். அவள் கடைவாசல் வரை வந்தாள். மாதாமாதம் அந்தாள் கடிதம் இனிமேல் நேராக இங்கே வந்துவிடுமா என்று கேட்டாள். வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று அவன் சொன்னான். அவள் தெருவைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தாள். வரட்டும், வீட்டில் சொல்லிவிட்டே வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அடுத்த மாதக் கடிதங்கள் வந்து இறங்கிய அன்று மருதாசலம் திருத்திய நிரலைத் தன் கையால் ஓடவிட்டான். தனியாக வரும் பின்சாய்கோட்டைக் கோடாகவே எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருந்தான். மேற்கோள் குறியை ஒட்டி அது வந்தால் மட்டும் நிறுத்தி, ஒரு மனிதரின் கண்ணுக்குக் காட்டச் சொல்லியிருந்தான். அந்த மாதம் அப்படி ஒரே ஒரு இடத்தில் நின்றது. அவன் பார்த்து, ஆமாம், கடிதம் இங்கே முடிகிறது என்று அழுத்தினான். நூற்றுப் பதினேழும் நூற்றுப் பதினெட்டும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன. பொள்ளாச்சிக்குப் போகவேண்டியதைப் பொள்ளாச்சிக்கு அனுப்பினான். மற்றது நித்திலாவின் பெயருக்கு வந்திருந்தது. பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அவள் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பாதியில் அவள் சிரிப்பது கேட்டது.

"அப்பா, உங்களைப் பத்தியும் எழுதியிருக்காங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தான். அவன் கை ஈரமாக இருந்ததால் அவளே படித்தாள்.

"'அப்பாகிட்ட நான் ஒரு விஷயம் சொல்லணும் நித்தி. பதில் கேக்காம, ஒருபக்கமாச் சொல்லிட்டுப் போற விஷயமில்ல அது. காது சரியானதும் நானே அவர்கிட்டச் சொல்றேன். அவர் அப்ப என்ன சொன்னாலும் கேட்டுக்குவேன். அவர் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.'"

நித்திலா தாளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். பொள்ளாச்சிக்குப் போய் வந்ததிலிருந்து அப்பா எதையோ சொல்லாமல் வைத்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

"அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

"அப்புறம் என்ன? இனி அவங்க எதுக்குச் சொல்லணும்?"

மருதாசலம் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். வெங்காயத்தால் கலங்கிய கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அவளே சொல்லட்டும் சாமி" என்றான். "மூணு வருசந்தானே. அந்தக் கடைசி வரியை இன்னொருக்காப் படி."